மகளிர் மையம் என்றால் குடும்பத்தைப் பிரிக்கும் இடமா?



“மகளிர் மையமா? அது குடும்பத்தைப் பிரித்துவிடுகிற இடமாயிற்றே!” என்னும் கூற்றைக் கோயில் நிருவாகக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், திருமண விருந்தில் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் அறையில் தேநீர் வேளையில் படித்த பட்டதாரிகள் சொல்லவும் கேட்டிருக்கிறேன். இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அத்தகைய மையம் ஒன்றின் வாசற்படியை மிதித்தவர் அல்லர். இருந்தாலும் கருத்து மட்டும் உறுதியாக இருக்கிறது! பெண்ணியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. ஆகவே இவ்விரண்டையும் பற்றி ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன். உடன்படாதவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

நம் சமுதாயத்தில் கணவனிடம் அடிபட்ட பெண் எங்கே போகிறாள்? முதலில் தாய்வீட்டுக்குப் போகிறாள். இரண்டு நாள் கழிந்ததும் “ஊர் என்ன சொல்லும்?” என்ற பேச்சு எழுகிறது. பிறகு பெரியவர்கள் கூடுகிறார்கள். கணவனின் தாய்மாமன், கோயில் தலைவர், உள்ளூர்க் கட்சிக் கிளைத் தலைவர் என நான்கைந்து பேர் நடுவீட்டில் நாற்காலி போட்டு அமர்கிறார்கள். அவள் அடுப்பங்கரைக் கதவோரம் நிற்கிறாள். “இனிமேல் கை நீட்டமாட்டேன்” என்று கணவன் ஒரு வார்த்தை சொல்கிறான். “நீயும் கொஞ்சம் வாயைக் குறைத்துக்கொள்ளம்மா” என்று அவளுக்கும் ஓர் அறிவுரை கிடைக்கிறது. தேநீர் வருகிறது. சமாதானம் முடிந்துவிட்டது! அன்றிரவு கதவு சாத்திய பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு அந்தப் பெரியவர்களில் ஒருவரும் வருவதில்லை.

அவர்களுக்கு நல்லெண்ணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த அவை கூடும் முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பதுதான் என் குறை. அவள் திரும்பிப் போகவேண்டும் என்பது முடிவு. எப்படிப் போகவேண்டும் என்பது மட்டுமே பேச்சு.

மகளிர் மையத்தில் நடப்பது வேறு. அங்குள்ள ஆலோசகர் முதலில் கேட்கிறார். இன்றிரவு உயிருக்கு ஆபத்து உண்டா, காயம் உண்டா, பிள்ளைகள் எங்கே, அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது, கையில் பணம் உண்டா என்றெல்லாம் வினவுகிறார். பிறகு எந்தெந்த வழிகள் உள்ளன என்பதை எடுத்துச் சொல்கிறார். மருத்துவமனை, காவல் நிலையம், சமூகநலத் துறை, நீதிமன்றம், காப்பகம். வீட்டுக்கே திரும்பிப் போவதும் அவ்வழிகளுள் ஒன்று. திரும்பிப் போகிறவளிடம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் கொஞ்சம் பணத்தையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவைக்கச் சொல்கிறார்கள். ஆபத்து வந்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று முன்கூட்டியே எண்ணி வைக்கச் சொல்கிறார்கள். பலர் திரும்பிப் போகத்தான் செய்கிறார்கள். ஒருமுறை போனவள் மறுமுறை அழைத்தால், “அன்றைக்கே சொன்னோமே” என்று கதவைச் சாத்துவதில்லை. முடிவு அவளுடையது என்பதே அங்குள்ள முதல் விதி. பெண்ணியம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டில் அடிபட்ட பெண்களுக்கான முதல் காப்பகத்தை 1982-ஆம் ஆண்டில் மகளிர் உதவி அமைப்பு தொடங்கியது. டபிள்யூ.ஏ.ஓ. என்று சுருக்கமாக அறியப்படும் அவ்வமைப்பு பெட்டாலிங் ஜெயாவில் இயங்குகிறது. 1985-இல் பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்க்கும் கூட்டு நடவடிக்கைக் குழு உருவாயிற்று. மகளிர் உதவி அமைப்பு, பெண் வழக்கறிஞர் சங்கம், தொழிற்சங்கக் காங்கிரசின் மகளிர் பகுதி உள்ளிட்ட ஐந்து அமைப்புகள் ஒன்றுசேர்ந்து பட்டறையும் கண்காட்சியும் நடத்தின. அம்முயற்சியின் கிளையாகவே அவாம் எனப்படும் அனைத்து மகளிர் செயல் கழகம் பிறந்தது. பினாங்கிலும் அதே 1985-இல் ஒரு மையம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ‘மகளிர் நெருக்கடி மையம்’ என்றிருந்த அதன் பெயர் பின்னர் ‘மாற்றத்திற்கான மகளிர் மையம்’ என்றாயிற்று. அந்தப் பெயர் மாற்றத்தை நான் விரும்புகிறேன்.

அக்காலத்தில் புகார் கொடுக்கப் போன பெண்ணுக்குக் கிடைத்த விடை, “இது வீட்டு விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்பதே. நடுவீட்டுப் பெரியவர்கள் சொன்ன அதே சொற்கள், இம்முறை சீருடையில்! காப்பகத்திற்கு வந்தவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் இதற்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என்று அப்பெண்கள் போராடினார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நடைமுறைக்கு வர 1996 ஆயிற்று. கூட்டுக் குழு தொடங்கிப் பதினோர் ஆண்டுகள்! பெண்ணியம் என்றால் மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சு என்று நினைப்பவர்கள் அந்தப் பதினோர் ஆண்டுகளின் மனுக்களையும் சந்திப்புகளையும் காத்திருப்புகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அச்சட்டம் முசுலிம்களுக்கும் பொருந்துமா என்பது அன்று பெரிய வாதமாக இருந்தது. குடும்பச் சட்டமாக இயற்றினால் சமயத்திற்கு ஒன்றாகப் பிரிந்துவிடும். ஆகவே குற்றவியல் சட்டத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டிய சட்டமாக அதை அமைத்தார்கள். எல்லா இனப் பெண்களுக்கும் ஒரே பாதுகாப்பு கிடைத்தது. அதற்கு ஒரு விலையும் உண்டு. இடைக்காலப் பாதுகாப்பு ஆணை காவல்துறையின் விசாரணையோடு பிணைக்கப்பட்டுவிட்டது. இக்குறையைச் சுட்டிக்காட்டியவர்களும் இம்மையங்களே. 2012-இல் செய்த திருத்தத்தால் மனத்தைச் சிதைக்கும் கொடுமையும் வன்முறை என ஏற்கப்பட்டது. 2017-இல் செய்த திருத்தத்தால் சமூகநலத் துறை அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்க வழி பிறந்தது. ஏழு நாள் செல்லுபடியாகும் அந்த ஆணைக்குக் காவல் நிலையப் புகார் முன்நிபந்தனை ஆகாது.

இச்சட்டத்தில் நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பகுதி உண்டு. 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி, முசுலிம் அல்லாதார் தம் திருமணத்தை முறையாகப் பதிவு செய்யவேண்டும். கோயிலிலேயே பதிவதிகாரி இருக்கும் இடங்களும் உண்டு. ஆனால், கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட இணையர் இன்றும் இருக்கின்றனர். “பதிவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லியே பத்தாண்டு கழிந்திருக்கும். அப்படிப்பட்ட பெண் பின்னாளில் நீதிமன்றத்தில் மனைவி என்ற உரிமையைக் கேட்கும்போது பெருஞ்சிக்கலில் மாட்டிக்கொள்கிறாள். “உனக்கும் எனக்கும் என்ன, பத்திரம் இருக்கிறதா?” என்று அவளை மிரட்டுகிற ஆண்களும் உண்டு. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டம், சமயச் சடங்கு அல்லது வழக்கப்படி மணம் செய்துகொண்டு பதிவு செய்யாதவர்களையும் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவருகிறது. அதாவது, அந்தத் தாலிக்கு இச்சட்டத்தின் முன் மதிப்பு உண்டு! இதை அவளுக்கு யார் சொல்வது? தாலி எடுத்துக் கொடுத்த கோயில் சொல்லியிருக்கலாம். பெரும்பாலும் மகளிர் மையத்தின் தொலைபேசியில்தான் அவள் முதன்முதலாகக் கேட்கிறாள்.

போகிற போக்கில் இன்னொன்று. “ஆண்கள் அடிவாங்கினால் யார் கேட்பது?” என்று சிலர் கிண்டலாகக் கேட்பார்கள். இச்சட்டம் பாலினம் பார்ப்பதில்லை. கணவனும் பயன்படுத்தலாம், மகனிடம் அடிவாங்கும் வயதான தந்தையும் பயன்படுத்தலாம். கிண்டல் செய்பவர்கள் அந்தத் தந்தைக்கு ஒரு தொலைபேசி எண்ணையாவது கொடுத்துவிட்டு வந்து பேசட்டும்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதை 2020 நமக்குக் காட்டியது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த அந்த மார்ச் இறுதியில் மகளிர் அமைச்சு சில சுவரொட்டிகளை வெளியிட்டது. வீட்டில் மனைவியர் முகப்பூச்சு அணிந்து பாங்காக உடுத்தவேண்டும். கணவனிடம் தொணதொணக்கக் கூடாது. டோரேமோன் போன்ற குரலில் பேசலாம்! உலகமே சிரித்தது, அமைச்சு வருத்தம் தெரிவித்தது. அதே வாரங்களில் மகளிர் மையங்களின் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தன. அடிப்பவனோடு ஒரே கூரையின் கீழ் பூட்டப்பட்ட பெண்களுக்குக் குரலை மென்மையாக்கும் பயிற்சியா தேவைப்பட்டது?

“பெண்ணியம் மேல்நாட்டுச் சரக்கு, தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதது” என்ற வாதத்திற்கு வருகிறேன். நம் பாட்டிமார் தோட்டத்தில் விடியும் முன் பிரட்டுக்குப் போனார்கள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஆணுக்கு நிகராகப் பால்மரம் சீவினார்கள். வீடு திரும்பிச் சமைத்தார்கள். 1940-களின் பிற்பகுதியில் கெடாவில் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தொண்டர் படை எழுந்தபோது பெண்களும் அதில் நின்றார்கள். சம்பளப் பணம் எங்கே போகிறது என்பதும், அதன் பிறகு முதுகில் விழுவது என்ன என்பதும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இதற்கெல்லாம் அவர்கள் எந்த மேல்நாட்டு நூலையும் படிக்கவில்லை.

ஆசிரியர் அறையில் முகம் சுளிக்கும் என் தோழியருக்கு ஒரு செய்தி. ஒரு காலத்தில் இந்நாட்டில் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம். அதை எதிர்த்து 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி முன்னின்று போராடியவர் ராசம்மா பூபாலன். இளம்வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர் அவர். சம ஊதியக் கோரிக்கை வெற்றிபெற அந்தப் பத்தாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாதமும் நம் கணக்கில் விழும் சம்பளத்தில் பெண்ணியத்தின் பங்கு இருக்கிறது, தோழியரே! 2011-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் நினைவூட்டுகிறேன். தற்காலிக ஆசிரியர் பணிக்குத் தேர்வாகி, கருவுற்றிருக்கிறார் என்பதற்காகவே அப்பணி மறுக்கப்பட்ட பெண்ணுக்குச் சார்பாக அத்தீர்ப்பு அமைந்தது. அரசியலமைப்பின் 8(2) பிரிவில் ‘பாலினம்’ என்ற சொல் 2001-இல் சேர்க்கப்பட்டதே அதற்கு ஒரு தூண். அச்சொல்லைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தியவர்களும் மகளிர் அமைப்பினரே.

தோட்டத்துப் பெண்களுக்கு மிக அருகில் வந்த அமைப்பு என்றால் தெனாகானித்தாவைச் சொல்வேன். தெனாகா என்றால் ஆற்றல், வனித்தா என்றால் பெண். முன்னாள் ஆசிரியையான ஐரின் பெர்னாண்டஸ் 1991-இல் அதைத் தொடங்கினார். தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து நாள் முழுதும் களைக்கொல்லி தெளித்தவர்களுக்கு மூக்கில் இரத்தம் கசிந்தது, நகம் உதிர்ந்தது, தோல் வெந்தது. “வேலை என்றால் அப்படித்தான்” என்று விட்டுவிட்ட அந்த வலிகளைத் தெனாகானித்தா ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி ஆவணமாக்கியது. பாராகுவாட் நஞ்சுக்கு 2002-இல் தடை அறிவிப்பு வந்தது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. இறுதியாக 2020 சனவரி முதல் நாள் முழுத்தடை நடப்புக்கு வந்தது. ஐரின் 2014-இலேயே மறைந்துவிட்டார். மகளிர் மையம் குடும்பச் சண்டைக்கு மட்டுமே என்று நினைப்பவர்கள், தம் தாயாரோ அத்தையோ மருந்தடித்த கதையைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி என் பள்ளியைப் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாணவியின் தாய் திடீரெனப் பள்ளி மாற்றம் கேட்டு வந்தார். இரண்டு பிள்ளைகளோடு காப்பகத்தில் இருந்தார். காப்பகத்தின் முகவரி இரகசியம்; அதனால் பிள்ளை போகும் புதிய பள்ளியும் இரகசியமாக இருக்கவேண்டும். அடுத்த வாரமே தந்தை வந்தார். மிகவும் பணிவாகப் பேசினார். பிள்ளையின் பிறந்தநாள் வருகிறது, பரிசு கொடுக்கவேண்டும், எந்தப் பள்ளி என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். கண்களில் நீர். எங்கள் தலைமையாசிரியை, “அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை ஐயா, சமூகநலத் துறையில் கேளுங்கள்” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அந்த இடத்தில் இரக்கப்பட்டு வாய் திறக்கக்கூடிய ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன். நாம் ஒரு பெயரைச் சொன்னால் போதும். ஒரு காப்பகத்தின் மதில் இடிந்துவிடும்.

அந்தப் பிள்ளை போன ஊரில் அருகில் தமிழ்ப்பள்ளி இல்லை. அவள் தேசியப் பள்ளிக்குப் போனாள். தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று நாம் கூட்டம் போட்டு வருந்துகிறோமே, அந்தக் கணக்கில் இவளைப் போன்றவர்களை யாரும் எழுதுவதில்லை. மகளிர் உதவி அமைப்பு 1990-இல் ஒரு குழந்தைப் பராமரிப்பு இல்லத்தையும் தொடங்கியது. தாய் வேலைக்குப் போய்த் தன் காலில் நிற்கும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. காப்பகத்துச் சில வாரங்களுக்குப் பிறகுதான் உண்மையான சோதனையே தொடங்குகிறது. வாடகை, வேலை, பிள்ளை... இதை உணர்ந்தவர்களைக் குடும்பத்தைப் பிரிப்பவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மையங்களிடம் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்கவேண்டா. நகர்ப்புற, ஆங்கிலம் பேசும் நடுத்தர வர்க்கத்தின் மணம் அங்கே இன்னும் போகவில்லை. தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடி வீட்டில் குடியேறிய ஒரு பெண் அந்த அறிக்கைகளைப் படித்தால் பாதி விளங்காது. நன்கொடையை நம்பி இயங்குவதால் எந்நேரமும் ஆள் பற்றாக்குறை வேறு. இதில் நம் பங்கு ஒன்று இருக்கிறது என்பதே என் வாதம். அது மொழி.

நம் பெண்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். “அவர் கை நீட்டிவிட்டார்” என்பார்கள். “அடித்தார்” என்ற சொல்லே வாயில் வராது. இதை அப்படியே மலாயில் ‘மெங்ஹுலூர்கான் தாங்ஙான்’ என்று மொழிபெயர்த்தால் உதவிக்கரம் நீட்டினார் என்றல்லவா பொருள் வரும்! காவல் நிலையப் புகார் மலாயில் எழுதப்படுகிறது. நீதிமன்றத்தில் அந்தத் தாள்தான் பேசும். “தொந்தரவு செய்கிறார்” என்று ஒரு பெண் தலைகுனிந்து சொல்வதற்குள் எத்தனை இரவுகள் அடங்கியிருக்கின்றன என்பது தமிழ் தெரிந்தவருக்கு மட்டுமே எட்டும். அவளோடு உட்கார்ந்து, “அம்மா, கை நீட்டினார் என்றால் எங்கே அடித்தார், எதனால் அடித்தார், எத்தனை முறை?” என்று தமிழில் கேட்டு மலாயில் தெளிவாகச் சொல்ல ஒருவர் வேண்டும். இருமொழியும் அறிந்த, பொறுமையாகக் கேட்கப் பழகிய, பணி ஓய்வுபெற்ற தமிழாசிரியைகள் நாடெங்கும் இருக்கிறார்கள். மையங்கள் தொண்டர்களுக்குப் பயிற்சியும் அளிக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று என்னிடம் கேட்கும் மூத்த ஆசிரியைகளிடம் இதைத்தான் சொல்லி வருகிறேன். இருவர் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கோயில்களும் சங்கங்களும் பெண்களுக்கு விளக்கு பூசை, கோலப் போட்டி, சமையல் போட்டி எல்லாம் நடத்துகின்றன. நடத்தட்டும். அவற்றுள் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியில் அரைமணி நேரம் ஒதுக்கி, மையத்திலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் சொல்ல எவ்வளவு செலவாகும்?

எங்கள் பள்ளியின் அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு சிறு கோரிக்கை வைக்கவிருக்கிறேன். அரசின் ‘தாலியான் காசே’ எண்ணான 15999-ஐயும் அருகிலுள்ள மகளிர் மையத்தின் எண்ணையும் தமிழில் எழுதி ஒட்டவேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பயனில்லை. கணவனும் மாமியாரும் நின்று பார்க்கும் இடத்தில் எந்தப் பெண்ணும் அதைப் படித்துக்கொண்டு நிற்கமாட்டாள். பெண்கள் கழிப்பறையில், கதவின் உட்புறம் ஒட்டவேண்டும். அங்கேதான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நிதானமாக எண்ணைக் குறித்துக்கொள்ள முடியும்.